கயிறு அறுத்தவள்

“கயித்தை அறுத்தியா இல்லையா? அதை மட்டும் சொல்லு!”

ஓசேவே போட்ட சத்தத்தில் மீன் எடை போடும் கொட்டகையே அதிர்ந்தது.

“அறுத்தேன்,” என்றாள் அவினோ.

விக்டோரியா ஏரியில் அவனுக்கு மீன் வளர்க்கும் மிதவைக் கூண்டு ஒன்று, அவளுக்கு ஒன்று. இரண்டும் ஒரே குடாவில், பக்கத்துப் பக்கத்தில். கிசுமு நகரத்து வியாபாரி அவளுடைய திலாப்பியா மீனை விட்டுவிட்டு அவனுடையதை வாங்குவதாகச் சொல்லியிருந்தார். அந்த வயிற்றெரிச்சலில்தான், விடிந்ததும் அவன் கூண்டின் நங்கூரக் கயிற்றை அறுத்து, தன் மோட்டார் படகில் கட்டி, நடு ஏரிக்கு இழுத்துப் போய் விட்டுவிட்டாள். கரையில் நாங்கள் அப்படித்தான் பேசிக்கொண்டோம். குடாவுக்குத் திரும்பியவளை மடக்கிக் கொண்டுவந்தவர்களில் நானும் ஒருவன்.

“ஏம்மா இப்படிப் பண்ணே?” என்றார் கரைத் தலைவர் ராதிதோ.

“அடித்தண்ணி பொரண்டு மேல வருது பெரியவரே, மீனுக்கு ஆகாது. அழுகல் வாடை அடிக்குது. அரை மணி நேரம் என்னை விடுங்க. அப்புறம் வந்து கைகட்டி நிக்கிறேன்.”

“பாத்தீங்களா, ஓடப் பாக்குறா!” என்றான் ஓசேவே.

“மூணு தடவை போன் போட்டேன் அண்ணே. நீங்க எடுக்கலை.”

“ஆமா, கோழி திருட வர்றவன்கூட இப்பல்லாம் போன் போட்டுட்டுத்தான் வர்றான்!”

கூட்டம் சிரித்தது. நானும்தான்.

“நாங்க இந்தத் தண்ணியிலேயே பொறந்து வளந்தவங்க. எங்களுக்குத் தெரியாத வாடை உனக்குத் தெரிஞ்சுடுச்சா?” என்றான் ஓசேவே.

அவினோ எங்கள் தலைகளுக்கு மேலாக ஏரியையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. மாட்டிக்கொண்ட பயம் என்று நினைத்தேன்.

தலைவர் தொண்டையைச் செருமினார். “இனிமே இந்தக் குடாவுல நீ கூண்டு போடக்…”

முடிப்பதற்குள் படகுக்காரர் ஓக்வேனோ மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“குடா பூரா மீன் செத்து மெதக்குது! அவினோ, உன் கூண்டுல ஒண்ணுகூட மிச்சமில்லம்மா!”

“என்னோடது?” என்றான் ஓசேவே.

“நடு ஏரியில நல்லாத் துள்ளுதுய்யா.”

அவினோ முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூலையில் கிடந்த சாக்குகளை அள்ளினாள்.

“வாங்க எல்லாரும். செத்ததை மத்தியானத்துக்குள்ள அள்ளிடணும். அழுக விட்டா அடுத்த குடாவும் கெட்டுடும்.”

இப்படியும் ஒரு மனசா என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

ஓசேவே அவள் முன்னால் போய் நின்றான். “உன் கூண்டை மொதல்ல இழுத்திருக்கலாமே, அவினோ?”

“உங்க கூண்டுல மீன் ரொம்ப நெருக்கம் அண்ணே, அதுங்களுக்குத்தான் மொதல்ல மூச்சு முட்டும். என்னோடது நான் திரும்பி வர்ற வரைக்கும் தாங்கும்னு நெனச்சேன். தாங்கவும் செஞ்சுது. என் கூண்டுக் கயித்துல கத்தியை வெச்சப்பதான் நீங்க வந்து என் கையைப் பிடிச்சீங்க.”