சொரசொரப்பு

"இந்த ஜீப்பை விலைக்குக் கேட்டு எத்தனை பேரு வந்திருப்பாங்க சார்!"

"வந்தாங்க. குடுக்க முடியாதுன்னு சொல்லிட்டேன்" என்றார் வண்டிக்குச் சொந்தக்காரர்.

"அவ்வளவு பாசமா?"

"அது இல்லாம என்னால இருக்க முடியாதுங்க."

கேட்ட ஃபைபர்காரர், தன் பட்டறை வாசலில் நின்றபடி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். ஐம்பது வருஷத்துப் பழைய வண்டி, துடைத்துத் துடைத்துப் பளபளக்கும் பம்பர். காசைக் கொட்ட இடம் தேடும் ஆள்தான், சந்தேகமே இல்லை. பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் 'பங்களாக்காரர்' என்று மனசுக்குள் பெயர் வைத்துவிட்டார்.

ஜீப்பின் ஃபைபர் கூரையில், பின்சீட்டுக்கு நேர் மேலே, முறம் அளவுக்கு ஓட்டை. மரத்தடியில் நிறுத்தியிருந்தபோது கிளை முறிந்து விழுந்ததாம்.

"ஓட்டையை அடைக்கிறது பெரிய விஷயமில்ல சார். மேல பாருங்க இந்தச் சொரசொரப்பை, கமலாப்பழத் தோல் மாதிரி. இதை அப்படியே கொண்டுவரணும். அங்கதான் இருக்கு வேலை."

"சொரசொரப்பு எப்படி இருந்தாலும் பரவாயில்லைங்க. உள்ள ஒரு சொட்டுத் தண்ணி வரக் கூடாது. எப்பக் கிடைக்கும்?"

ஃபைபர்காரருக்குச் சுருக்கென்றது. பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் ஒரு திருகாணி மாறினாலே வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார்கள். இவர் என்னடாவென்றால் தொழிலையே கேவலப்படுத்துகிறார்.

"வெறுமனே அடைக்கிறதுன்னா நாளைக்கே தந்துடலாம். ஆனா என் கை அப்படிச் செய்யாது. வியாழக்கிழமை ஆகும்."

பங்களாக்காரர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். கழற்றிய கூரையைப் பட்டறையில் விட்டுவிட்டு, மொட்டை ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை ஃபைபர்காரர் பட்டறையைத் திறக்க வந்தபோது, ஜீப் வாசலில் நின்றிருந்தது. பங்களாக்காரர் ஒரு காலி பிசின் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தவர், இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. ஃபைபர்காரர் கண்ணாடி நார்ப்பாயை வெட்டி, பிசின் தடவி, ஓட்டையை உள்பக்கமிருந்து அடைத்தார். வாயும் கூடவே வேலை செய்தது. இரண்டு பேருக்கும் மூட்டுவலி. இடது காலா வலது காலா என்பதில் மட்டும்தான் வித்தியாசம்.

ஃபைபர்காரருக்கு அந்தப் பேச்சு தேவாமிர்தமாக இருந்தது. மகளின் பிரசவத்துக்கென்று வெளியூர் போன மனைவி, பேத்திக்கு மூன்று வயதாகியும் திரும்பி வரவில்லை. வீட்டில் பேசுவது டிவி மட்டும்தான். அதுவும் இவர் பேச்சைக் காதில் வாங்குவதில்லை.

சாயங்காலம் கூரையின் நல்ல பகுதியில் ரப்பர் பாலைப் பூசி, ஒட்டுப்போட்ட இடத்தில் பதிக்கச் சொரசொரப்பை அச்செடுத்துக் காயவைத்தார். புதன்கிழமை உரித்துப் பார்த்தால், அச்சில் கடுகளவு ஒரு காற்றுக் குமிழி. உப்புத்தாளால் ஒரு தேய் தேய்த்தால் போய்விடும். ஆனால் வேலை முடிந்தால் அந்த டின்னில் உட்கார ஆளிருக்காது.

"அச்சு சரியா வரலை சார். வேற எடுக்கணும். சனிக்கிழமை ஆயிடும்."

"சனிக்கிழமையா?" பங்களாக்காரரின் முகம் வாடியது. "இதையே வெச்சு ஒப்பேத்த முடியாதுங்களா?"

"சேச்சே, உங்க வண்டிக்கு அது மரியாதை இல்ல சார்."

பொய் சொன்ன நாக்கு கூசியது. ஆனாலும் மனசு என்னவோ குழந்தையாகக் குதித்தது.

அன்றிரவு மழை கொட்டித் தீர்த்தது. வியாழக்கிழமை காலை பங்களாக்காரர் அடுக்கடுக்காகத் தும்மிக்கொண்டே டின்னில் வந்து உட்கார்ந்தார்.

"ஏசியைக் கூட்டி வெச்சுக்கிட்டுப் படுத்தா இப்படித்தான் சார் ஆகும்!"

பங்களாக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஃபைபர்காரர் அவருக்குச் சூடாக டீ வாங்கிக் கொடுத்தார். இப்படி ஒருவருக்கு டீ வாங்கிக் கொடுத்தே வெகு நாளாகியிருந்தது.

சனிக்கிழமை கூரை தயார். கண்ணை மூடித் தடவினாலும் பழையது எது, புதியது எது என்று தெரியவில்லை. இருவருமாகத் தூக்கி வைத்து, போல்ட்டுகளை முடுக்கினார்கள். ஃபைபர்காரர் நாலு பக்கெட் தண்ணீரை மேலே ஊற்றிக் காட்டினார். உள்ளே பொட்டு ஈரம் இல்லை.

பங்களாக்காரர் பின்பக்கம் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். இறங்கியபோது கண் கலங்கியிருந்தது.

"ரொம்ப நன்றிங்க. இனிமே கவலையில்ல."

தன் கைவேலைக்குக் கிடைத்த மரியாதை என்று ஃபைபர்காரர் பூரித்துப்போனார். ஆனால் இவர் போய்விட்டால் திங்கட்கிழமை யாரிடம் பேசுவது? வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. எனக்கு வீட்டுல பேச்சுத்துணைக்குக்கூட ஆள் இல்ல. உங்க வீட்டுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போகட்டுமா? வீடு எங்க இருக்கு?"

பங்களாக்காரர் ஜீப்பின் மேல் கையை வைத்தார்.

"இப்பதானேங்க கூரை போட்டுக் குடுத்தீங்க."