ரங்கூன் கையெழுத்து

பியாட்ரிஸும் கணவன் சில்வெஸ்டரும் லிங்கராஜபுரத்தில் இருவர் பேரிலும் ஒரு வீடு வாங்குவதாகப் பேச்சு. அவன் ரங்கூன் மரமில்லில் இருந்தான். ஊர் திரும்ப இன்னும் நான்கு மாதம் ஆகும். அதுவரை பொறுக்கச் சொல்லலாம் என்று பத்திரம் எழுதுபவரிடம் போனாள் பியாட்ரிஸ்.

"எதுக்கும்மா? அவர் கையெழுத்துதான் இருக்கே," என்று பத்திரத்தை நீட்டினார் அவர். சில்வெஸ்டரின் கையெழுத்தேதான்.

"ஊருக்கு வந்தவர் பெண்டாட்டி மூஞ்சியைக்கூடப் பாக்காமப் போயிட்டாரா?" என்றாள் பியாட்ரிஸ்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய் நான்கு பக்கம் திட்டி எழுதினாள். அதைத் தபாலில் போடுமுன் அவனுடைய கடிதம் வந்தது.

"பத்திரத்தைத் தூக்கிக்கிட்டு ரங்கூன் வரைக்கும் வந்தவளுக்கு, ஒரு வேளை சாப்பிட்டுப் போக முடியலையா? என் கையெழுத்து மட்டும் போதுமா?"

பியாட்ரிஸ் அதுவரை கடலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.