ஞாயிற்றுக்கிழமைக் குளியல்

குளியலறைக் கதவைக் கணவன் தட்டுவது அது நான்காவது முறை.

"இன்னும் எவ்வளவு நேரம்? உள்ள போய் ஒரு மணி நேரமாச்சு."

"பாத்டப் வாங்கினதே நிம்மதியா ஊறத்தானேங்க," என்றாள் மனைவி. தண்ணீர் சளப் சளப்பென்று அலம்பும் சத்தம் கேட்டது. கதவிடுக்கு வழியே ரோஜா மணம் வந்தது. கூடவே மெல்லிய இசை வேறு.

"அக்கா பட்டாளத்தோட கிளம்பிட்டாளாம். சமையல் யாரு பண்றது? வாக்கிங் போன அம்மாவையும் காணோம். ஃபோனையும் எடுக்க மாட்டேங்கறாங்க."

"எனக்குக் கழுத்து வரைக்கும் நுரை. இன்னைக்கு நீங்களே ஒரு கை பாருங்களேன்."

"மாடி டேங்க்கைப் பார்த்தேன். தண்ணி ஒரு விரக்கடைகூட இறங்கலையே?"

உள்ளே சளப் சளப் சத்தம் இன்னும் பலமானது.

"சிக்கனமா குளிக்கிறேங்க."

முணுமுணுத்துக்கொண்டே அவன் சமையலறைக்குப் போனான். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டபிறகு, இவ்வளவு நேரம் கையால் அளைந்துகொண்டிருந்த தண்ணீர் மக்கை அவள் கீழே வைத்தாள். அந்த மக்கில் இருந்ததைத் தவிர அங்கே சொட்டுத் தண்ணீர் கிடையாது. காய்ந்த தொட்டியில் மெத்தை விரித்து, தலையணையில் சாய்ந்திருந்தாள்.

தொட்டியின் எதிர்முனையில் கால் நீட்டிப் படுத்திருந்த மாமியார், கண்மேல் வைத்திருந்த வெள்ளரித் துண்டை எடுத்துக் கடித்தார்.

"போயிட்டானா?"

"மூக்கை உறிஞ்சுற சத்தம் கேக்குது அத்தை. வெங்காயம் நறுக்குறார் போல."

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியதில் தொட்டியே ஆடியது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நான் குளிக்கிறேன். நீ வாக்கிங் போயிடு."