பதினெட்டு வயது வரை

“அடுத்த மாசத்துலேர்ந்து நீங்க வர வேணாம்” என்றாள் அனுப்பிரியா.

கவரை நீட்டிய கையோடு அப்படியே நின்றார் செம்பியன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அப்பாவின் காதில் சரியாக விழவில்லையோ என்று அவள் விளக்கமாகச் சொன்னாள்.

“போன வாரத்தோட எனக்குப் பதினெட்டு முடிஞ்சிடுச்சு. கோர்ட் சொன்னது அதுவரைக்கும்தானே?”

அவர் கவரை அவள் கையில் வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

அவளுடைய ஆறாவது வயதில் அம்மாவும் அப்பாவும் பிரிந்தார்கள். அதற்குப் பிறகு அவளுக்குத் தெரிந்த அப்பா இவ்வளவுதான். கடலூர் பக்கம் குடிகாட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பிட்டர். மாதத்தின் முதல் ஞாயிறு கடலூரில் பஸ் ஏறி இந்த டீக்கடைக்கு வருவார். கவரைக் கொடுப்பார். படிப்பு எப்படி, உடம்பு எப்படி என்று விசாரிப்பார். டீ ஆறுவதற்குள் பேச்சு தீர்ந்துவிடும்.

இவர் எதற்காக வருகிறார் என்று சின்ன வயதிலேயே அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். பதினெட்டு வயது வரை மாதாமாதம் நேரில் வந்து ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும், அது கோர்ட் உத்தரவு என்றாள் அம்மா. கொடுக்காவிட்டால் ஜெயில் என்று பள்ளித் தோழி எழிலரசி சேர்த்துச் சொன்னாள். ஒரு புயல் மழையில், பஸ்ஸே ஓடாத நாளில், யாருடைய பைக்கையோ வாங்கிக்கொண்டு அவர் தொப்பலாக நனைந்து வந்து நின்றார். ஜெயிலுக்கு இவ்வளவு பயமா என்றுதான் அனுப்பிரியாவுக்குத் தோன்றியது.

கட்டாயத்துக்கு வருகிற ஒருவருக்காக மாதம் முழுக்கக் காத்திருப்பது அவளுக்கே அவமானமாக இருந்தது. இன்று சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வாரமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள்.

“சும்மா வந்து பாத்துட்டுப் போறேனே, கண்ணு” என்றார் செம்பியன்.

“எதுக்கு? இனிமே உங்கள யாரும் கேக்கப் போறதில்ல.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தலையை மட்டும் ஆட்டினார். டீக்குக் காசு கொடுத்தார். நன்றாகப் படி என்று சொல்லிவிட்டு, கிளம்பத் தயாராக நின்ற கடலூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

வீட்டில் அம்மா மலர்க்கொடி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள் அனுப்பிரியா. அம்மாவுக்கும் ஒரு தொல்லை விட்டது என்றுதான் நினைத்தாள். ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது.

“அவரு ஒண்ணுமே சொல்லலியா?”

“இல்லம்மா.”

மலர்க்கொடி எழுந்து வந்து மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அப்புடி ஒரு உத்தரவே கெடையாதுடி. ஒத்த ரூபா வேணாம்னு டைவர்ஸ் அன்னிக்கே நான் கோர்ட்ல எழுதிக் குடுத்துட்டேன்.”

அனுப்பிரியாவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. அப்படியென்றால் பன்னிரண்டு வருடமாக அவர் எதற்காக வந்தார் என்று கேட்டாள்.

“உன்னப் பாக்கத்தான். நீ அவரு பக்கம் சாஞ்சிடுவியோன்னு எனக்குப் பயம். கோர்ட் சொல்லித்தான் வர்றீங்கன்னு புள்ளகிட்ட சொல்லுவேன், நீங்க மறுத்து ஒரு வார்த்த பேசினா அன்னியோட அவளப் பாக்க முடியாதுன்னேன். சரின்னாரு.”

மலர்க்கொடி மகளின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

“இன்னிக்குக்கூட என்னக் காட்டிக் குடுக்காமப் போயிட்டாரு.”