பல்லுக்குள் பச்சை

மகள் வேலை செய்யும் ஆய்வகத்தில், விளக்கணைத்த இருட்டில், அம்மா மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்திருக்கிறாள். மூக்குக்கண்ணாடி மடியில் கிடக்கிறது. பல் பிடுங்கிய பக்கத்துக் கன்னத்தை ஒரு கை தன்னால் மூடியிருக்கிறது. ஸ்லைடில் இருப்பது அந்தப் பல்லின் மெல்லிய சீவல். வேர் சிகிச்சை முடிந்த பல். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, வலியெல்லாம் மனப்பிரமை என்று மருத்துவரும் மகளும் மாறி மாறிச் சொன்ன பல். சாயம் ஏற்றி மகள் நீல ஒளியைப் பாய்ச்சியதும், செத்த கிருமிகளின் சிவப்புக்கு நடுவே பச்சைப் பொட்டுகள் மினுங்குகின்றன. "பச்சையா இருக்கிறது என்னடி?" "உயிரோட இருக்கிறதும்மா. உன்னைத் தூங்க விடாம பண்ணினது அதுங்கதான்." 'நான் அப்பவே சொன்னேனே' என்று அம்மா சொல்லிக்காட்டுவாள் என்று மகள் காத்திருக்கிறாள். அம்மாவோ, தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தி, "பாவம், அதுங்க இருக்கிறதையும் யாரும் நம்பல" என்கிறாள்.

ஒளி பட்டுக்கொண்டே இருந்தால் சாயம் வெளிறிவிடும். ஒளியை மறைக்கும் ஷட்டரைத் திறந்து போட்டவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுகிற மகள், இன்னும் படம்கூட எடுக்கவில்லை. ஷட்டரை மூடப் போன விரலை இழுத்துக்கொள்கிறாள். "அவசரமில்ல, நல்லா பாரும்மா." பச்சை மெல்ல மங்குகிறது. அம்மாவின் கை கன்னத்தை விட்டு இறங்குகிறது.