முகம் திருப்பிய கப்பல்

மூடுபனி விலகியபோது கப்பல் திரும்பி நின்றது.

அவள் மலையோரத் தடுப்புக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அதே கப்பல்தான். பச்சை உடம்பு, பின்பக்கம் வெள்ளையாய் ஒரு மாடி. கோயிலுக்குப் போகுமுன் இதே இடத்தில் நின்று பார்த்தாளே. அப்போது அதன் மூக்கு வடக்கே, கடலைப் பார்த்திருந்தது. இப்போது துறைமுகத்தைப் பார்க்கிறது.

கீழே பினாங்கு முழுக்க ஈரமாய்க் கிடந்தது. அவள் நின்ற கொடிமலையில் மட்டும் வெயில்.

திரும்பிவிட்டாரா?

அப்படியும் இருக்குமா?

முந்தாநாள் விடியற்காலை அவள் கணவர் பையைத் தூக்கிக்கொண்டு அறை வாசலில் நின்றார். இவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூக்கம் ஒன்றும் இல்லை. கோபம். இன்னும் ஒரு வருஷம் கப்பலுக்குப் போகக் கையெழுத்துப் போட்டதை அவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டு இவளிடம் கடைசியாகச் சொன்னார்.

பையைக் கை மாற்றினார்.

"போறேன்" என்றார்.

போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை.

அடுப்படியில் அத்தையின் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. அந்தச் சொல் இவளுக்கும் உறைத்தது. ஆனாலும் திரும்பவில்லை. அப்புறம் அவர் கூப்பிட்டபோதெல்லாம் போனையும் எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம். கை நீளவில்லை, என்ன செய்வாள்.

கப்பல் சனிக்கிழமை சாயங்காலம்தான் கிளம்பும், அதுவரை வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். இன்றைக்குச் சனிக்கிழமை. "வா, முருகனுக்கு ஒரு அர்ச்சனை பண்ணிட்டு, கப்பலையும் பாத்துட்டு வருவோம்" என்று அத்தைதான் மலை ரயிலில் ஏற்றிக் கூட்டி வந்தார். இந்தக் கம்பியருகே நின்று, கை நீட்டி, "அதோ, அந்தப் பச்சை. அதான் நம்ம சிவநேசன் கப்பல்" என்று காட்டினார்.

அப்போது அது முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. சரிதான், என்னைப் போலவே, என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது திரும்பியிருக்கிறது.

அவ்வளவு பெரிய இரும்பு. அதுவே திரும்பிவிட்டது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

குரலைப் பதிவு செய்யப் போனை வாயருகே வைத்தாள்.

"வாங்க. நான்தான் முகத்தத் திருப்பிக்கிட்டேன். தப்பு என் மேலதான். கப்பல் திரும்பினத மலையிலேருந்து பாத்துட்டேன். வாங்க."

அனுப்பிவிட்டாள்.

அப்புறந்தான் மற்றக் கப்பல்களைப் பார்த்தாள்.

கறுப்பாய் ஒன்று. துருப்பிடித்தது ஒன்று. தூரத்தில் பொம்மை போல நாலைந்து. எல்லாமே துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. காலையில் எல்லாமே கடலைப் பார்த்தல்லவா நின்றன?

ஒரு கப்பல் திரும்பினால் ஒருவர் மனசு மாறியது எனலாம். எல்லாக் கப்பலிலும் எல்லாருக்குமா மாறும்?

"அத்தை, ஏன் எல்லாம் திரும்பிடுச்சு?"

அத்தை வாயிலிருந்த கடலையை மென்று முடித்தார்.

"தண்ணி மாறியிருக்கும்லா. நங்கூரம் போட்டு நிக்கிறது, தண்ணி இழுக்கிற பக்கம் சுத்திக்கும். ஏன், என்ன?"

அவள் தோட்டத்தில் பிறந்தவள். ரப்பர் மரம் திரும்பி நின்று பார்த்ததில்லை.

அப்படியானால் அவர் திரும்பவில்லை. இவளாகத்தான் திரும்பியிருக்கிறாள். தண்ணீர் இழுத்து.

போனைப் பார்த்தாள். அவர் இன்னும் கேட்கவில்லை. அழித்துவிடலாம். கட்டைவிரலை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

பக்கத்தில் ஒரு சீனக் குடும்பம் படம் எடுத்துக்கொள்ள இடம் கேட்டது. நகர்ந்து நின்றாள்.

நகர்ந்து நின்று பார்த்தபோது குறி நீலமாகியிருந்தது.

கேட்டுவிட்டார்.

உடனே பதில் வந்தது. காதில் வைத்தாள். காற்றின் இரைச்சல், இயந்திரத்தின் உறுமல், நடுவே அவர் குரல்.

"கோமளா? எந்தக் கப்பலம்மா திரும்புச்சு? நாங்க விடியக்காலையே கெளம்பிட்டோமே. சொல்லத்தான் அத்தன வாட்டி கூப்பிட்டேன், நீ எடுக்கல. இங்க லங்காவி தாண்டப் போகுது."

கொஞ்சம் இரைச்சல்.

"எந்தக் கப்பலப் பாத்துப் பேசுன?"

அவள் பச்சைக் கப்பலைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள்.

அத்தைக்கும் கேட்டிருந்தது. கடலைப் பொட்டலத்தை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"நீ ரயில்லயே அழுதுக்கிட்டு வந்த. இவ்வளவு தூரம் ஏறி வந்துட்டு, எதுன்னு தெரியலன்னு எப்படிச் சொல்றது? ஏதோ ஒண்ணக் காட்டினேன். பச்சை நல்லா இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது. எதற்கு எது என்று அவளுக்கே தெரியவில்லை.

இன்னொரு பதிவும் வந்தது.

"சரி, சிக்னல் போகுது. அன்னிக்கு வாசல்ல சொல்லாம வந்துட்டேன்…"

அதோடு நின்றது.

இரண்டு தடவை திருப்பிப் போட்டுக் கேட்டாள். இரண்டு தடவையும் அங்கேயே நின்றது.

கீழே பச்சைக் கப்பலின் மேல்தட்டில் புள்ளியாய் என்னவோ அசைந்தது. ஆளா, காயப்போட்ட துணியா, தெரியவில்லை.

அவள் கையைத் தூக்கினாள்.

"அதான் நம்ம கப்பல் இல்லையே" என்றார் அத்தை.

"பரவால்ல அத்தை" என்றாள். கையை இறக்கவில்லை.

அத்தை கம்பியருகே வந்தார். பொட்டலத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"போயிட்டு வாப்பா" என்று அந்தப் பச்சையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.