நேரம் தவறாத சங்கு

"'நாள் முழுக்கத் தூங்குறா, சோறு மட்டும் நேரத்துக்கு வேணும்.' இதைத்தானே சொன்னே? இன்னொரு தடவை என் முகத்தைப் பார்த்துச் சொல்லு!" என்று ரயில் பட்டறைப் பூனை ரோசி, கூரைமேல் இருந்த, வேலை நேரம் அறிவிக்கும் சங்கைப் பார்த்துச் சீறியது.

"உள்ளதைத்தானே சொன்னேன்?" என்றது சங்கு.

"இந்தப் பட்டறையில ஒரு வயரையாவது எலி கடிச்சிருக்கா? அது தானாவா நடக்குது? சரி, அது கிடக்கட்டும். புதுசா பெயின்ட் அடிச்ச அந்த ரயில் பெட்டிக்குள்ள, சீட்டுக்கு அடியில என் மூணு குட்டியும் இருக்கு. கதவைச் சாத்திட்டாங்க. இழுத்துட்டுப் போக எஞ்சினும் வந்தாச்சு. நான் கத்தினா, கொஞ்சுறேன்னு நினைச்சு என் கழுத்தைச் சொறிஞ்சு விடறாங்க. நீ ஊதினா, கையில இருக்கிற ஸ்பானரைப் போட்டுட்டு அத்தனை பேரும் வேலையை நிறுத்துவாங்க. ஊதித் தொலையேன்!"

"சாப்பாட்டுச் சங்குக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. முன்னாடியே ஊதினா என் பேரு என்ன ஆகிறது?"

"உன் பேரா? கிரேன் அண்ணே, நீங்களாவது இந்த நியாயத்தைக் கேளுங்க!"

கிரேன் கொக்கியை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது. "சங்கு இதுவரைக்கும் ஒரு நிமிஷம் தவறினதில்லைம்மா. அதுக்குன்னு ஒரு மரியாதை இருக்கில்ல?"

எஞ்சினில் பெட்டியை மாட்டிவிட்டார்கள். சக்கரங்கள் மெல்ல உருண்டன. ரோசி தண்டவாளத்தின் ஓரமாகவே ஓடியது. பெட்டிக்குள்ளிருந்து மூன்று மெல்லிய குரல்கள் கேட்டன.

"ஊதிட்டுப் பழியை என்மேல போடு, சங்கு! ஒரே ஒரு தடவை ஊது!"

சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் சில நிமிஷங்கள் இருந்தன; சங்கு ஊதவில்லை, பெட்டி பட்டறை வாசலைத் தாண்டிப் போனது.